உன் கெண்டைக்கால்கள்

என் பையனுக்கு, உன் மருமகனுக்கு, எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் நல்லெண்ணெய் வாசம் போகவில்லை. சாரல் தொடங்கிய நாளில், பழைய குற்றாலத்துக்குக் கிளம்பும்போதும் இப்படித்தான் தேய்த்தேன். கெண்டைக்காலைப் பிடித்ததும் கை நின்றுவிட்டது. உருண்டு திரண்டு, அழுத்தினால் கல் மாதிரி. அது உன் கால்.

உனக்கும் நான்தானே தேய்த்துவிடுவேன். "ஏ யக்கா, மெதுவா. வலிக்குல்லா" என்று கத்துவாய். "தடிமாடு மாதிரி இருந்துக்கிட்டு இதுக்குப் போய்க் கத்துதியே லே" என்று இன்னும் அழுத்துவேன். தெருவில் எல்லோருக்கும் அந்தக் காலின் மேல் ஒரு கண். "இந்தக் காலுக்கே போலீசுல எடுத்துருவாம்லே" என்றார் அப்பா. நீயோ போலீசுக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். அடுத்த வருஷமும் அதே கதை. அப்பா உன்னோடு பேசுவதையே நிறுத்தினார். நீ அசரவில்லை. "வேல கெடைக்கட்டும், மொதக் கேசு அத்தான் மேலதான்" என்று என் வீட்டுக்காரரைச் சீண்டிக்கொண்டிருந்தாய். மாடிப்படியில் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவாய். அதையும் சோம்பல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு அந்த வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். நீயே நடந்து உள்ளே போனாய். கத்தி வைக்கும் முன்பே, மயக்கம் கொடுத்ததும் இதயம் நின்றுவிட்டது என்று வெளியே வந்து சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு இப்போது தெரியும். பையனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்துவிட்டது. தசை கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய். கால் பருத்திருப்பது பலத்தால் இல்லையாம், அழிந்த தசையில் கொழுப்பு சேர்வதாலாம். உன்னைப் பற்றியும் சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மயக்கம் குடுக்கையில தொண்டையில குழாய் விடுததுக்காக, தசையத் தளர்த்த ஒரு ஊசி போடுவாங்கம்மா. அதுல எல்லாருக்குமே ரத்தத்துல பொட்டாசியம் கொஞ்சம் ஏறும், தானா எறங்கிரும். இந்த நோய் உள்ள தசையில இருந்து மொத்தமாக் கொட்டிரும். ஹார்ட் தாங்காது. ஒங்க தம்பிக்கு அதுதான் நடந்திருக்கணும்."

"வேற ஊசி கெடையாதா?"

"இருக்கு. பொட்டாசியத்த ஏத்தாத மருந்து இருக்கு. நோய் தெரிஞ்சிருந்தா அதப் போட்டிருப்பாங்க. பையனுக்கு எங்க ஆபரேஷன்னாலும் மொதல்ல இதச் சொல்லிருங்க."

வேறு மருந்து இருந்திருக்கிறது தம்பி. ஐயோ, இருந்திருக்கிறது. அந்த ஊசியிலிருந்து பையனை நான் காப்பாற்றிவிடுவேன். நோயிலிருந்து காப்பாற்ற வழியில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அவன் வெளியே கூச்சல் போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். என்னால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

இது தாய்வழி வருவதாம். அம்மாவிடமிருந்து உனக்கு நோயாகவே வந்தது. எனக்குள் வெளியே தெரியாமல் வந்து உட்கார்ந்தது. நான் அதை என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா இன்றைக்கும் உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "நடந்து போன புள்ளைய ஊசி போட்டுக் கொன்னுட்டானே, அவன் வெளங்குவானா" என்று அந்த டாக்டரைச் சபிக்கிறாள். அவர்மேல் பிழையில்லை என்று நான் வாயைத் திறந்தால், உன் நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல மாட்டேன். "ஆமாம்மா" என்கிறேன். அவளுக்குத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது இருக்கட்டும். எனக்கு அதுவும் இல்லை.