வராத ரயிலின் நேரங்கள்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்.
7.7.1997, திங்கள்

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், லக்னோவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இந்த வாக்கியத்தை உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் எழுதியிருக்கிறேன், ஒரு முறைகூடச் சரிபார்த்ததில்லை. இந்த முறை சரிபார்த்தேன். நான் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாமல் படி.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மேற்படிப்புக்கு யூராலஜி, குழந்தைகள் அறுவை சிகிச்சை இரண்டிலும் இடம் கிடைத்திருப்பதையும், எது வேண்டும் என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் படித்தேன். யூராலஜி என்று நீ வாயைத் திறந்ததும் உங்கள் புரொஃபசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆம்பிளைகள் இந்த விஷயத்தை ஒரு பெண்ணிடம் வந்து சொல்வார்களா, உன் வாசலை ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது, பேசாமல் குழந்தைகளை எடுத்துக்கொள் என்று தகப்பனைப் போலப் புத்தி சொன்னாராமே. அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றுகிறது அம்மா, என்று முடித்திருக்கிறாய். நீ சின்னப் பிள்ளையில் குழாய் ரிப்பேர்காரர் வந்தால் அவர் பின்னாலேயே நிற்பாய், அடைப்பு எடுத்துத் தண்ணீர் ஓடியதும் கை தட்டுவாய். மற்றப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டிக்குத்தான் அப்படிக் கை தட்டும். ஆகையால் உனக்கு எதில் ஆசை என்று நான் கேட்க வேண்டியதில்லை. ஆசையை விட்டுவிட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அது சரியான காரணமா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றி எனக்கு இந்த நான்கு மாதத்தில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்திருக்கிறது.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஃபோன் முக்காலி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முனையில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குக் கதவு உண்டு, மூடாது. மீட்டர் ஓடும் வேகத்தில், வெளியே நான்கு பேர் காத்திருக்க, இந்த விஷயத்தைக் கத்திச் சொல்ல இயலாது. எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றுக்கு என்று எழுதும் இடத்திலெல்லாம் நீ உன் புத்தகத்தில் உள்ள சொல்லைப் போட்டுக்கொள்.

கூச்சத்தில் ஊரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பக்கத்து வீட்டு மௌரீனிடம் நீ கிட்னிக்குப் படிக்கப்போகிறாய் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். கிட்னி கௌரவமான உறுப்பு, தானம்கூடச் செய்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கினால்தான் எல்லாருக்கும் இருமல் வருகிறது. சென்ற மாதம் காக்ஸ் டவுனிலிருந்து ஓர் அம்மாள் தன் பையனுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்தார். மேலே என்ன படிக்கப்போகிறாள் என்றார். மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பிஸ்கட் பாதி டீக்குள் போய்விட்டது. “அதுல லேடீஸ் பேஷண்ட் மட்டும் பார்க்கிற மாதிரி ஏதாச்சும் வசதி இருக்குங்களா?” என்று கேட்டார். ரயிலில் மகளிர் பெட்டி இருக்கிறதே, இதிலும் இருக்கும், விசாரிக்கிறேன் என்றேன். விசாரித்து எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கோவிலில் நாம் உட்காரும் இடம் உனக்குத் தெரியும், வலது பக்கம் மூன்றாவது பெஞ்சு, மின்விசிறிக்கு நேர் கீழே. முப்பத்தோரு வருடமாகச் சபையில் எல்லாருக்கும் அது ஸ்டேஷன் மாஸ்டர் சின்னப்பாவின் இடம், கிறிஸ்மஸ் கூட்டத்தில்கூட அங்கே வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஈஸ்டருக்கு முன் வந்த லெந்து காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மூன்றாவது பெஞ்சில் விட்டுவிட்டு, காற்று போதவில்லை என்று சொல்லி, கதவோரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே நான்கு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாரும் ஒரு காலத்தில் முன்வரிசை. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவாரே, அவரும் குழுவை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார். நம் ஆயர் இளைஞர், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்வதைக் கவனித்து மனம் வருந்தி, விசுவாசத்தில் பின்மாற்றத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். பேரைச் சொல்லவில்லை, பெஞ்சைச் சொன்னார். ஐந்து பேரும் தலைகுனிந்து கேட்டார்கள். நடுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போக, வசனம் உள்ளே குத்திவிட்டது என்று ஆயர் இன்னும் பத்து நிமிடம் நீட்டினார். விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று பெயர் எடுத்துக்கொள்ள அந்த ஐந்து பேரும் தயாராக இருந்தார்கள் ரூபி. ஆயரே, எங்களால் அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்கு அடக்க முடியவில்லை என்று சொல்லத்தான் அவர்களில் ஒருவராலும் முடியவில்லை.

இது எனக்கு அன்றே புரிந்துவிட்டது என்று நினைக்காதே. காற்றுதான் காரணம் என்று நானும் நம்பினேன். வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது, அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். மார்ச்சிலிருந்து அப்பாவின் தலைமாட்டில் ஒரு நீள ரெஜிஸ்டர், பென்சில், டார்ச். காலையில் பார்த்தால் வரிசையாக நேரம் எழுதியிருக்கும், வருகை ஒரு பத்தி, புறப்பாடு ஒரு பத்தி. ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ஓடும் ரயில் சத்தம் நம் படுக்கை அறைக்குக் கேட்கும். ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வுபெற்ற மனிதர், பழக்கதோஷத்தில் ராத்திரி வண்டிகளைக் கணக்கெடுக்கிறார் என்று நினைத்தேன். மௌரீனிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். தன் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனபிறகு பல் தேய்க்க எழுப்புவதே பெரும்பாடு, சின்னப்பா அங்கிளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் அவரை எதிரிலேயே திட்டினாள். ஜூன் மாதம் ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டு, அந்த வழியில் ஒரு நாள் முழுக்க ரயிலே ஓடவில்லை. பேப்பரிலும் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை படுக்கையைத் தட்டும்போது ரெஜிஸ்டரைப் பார்த்தேன். 11.10, 12.45, 2.05, 3.30, 4.50. வராத ரயில் ஐந்து தடவை வந்திருந்தது. 2.05க்கு வந்தது 2.16க்குத்தான் புறப்பட்டிருந்தது. பதினொரு நிமிடம் அந்த மனிதர் ஒன்றுக்கு வராமல் இருட்டில் நின்றிருக்கிறார், பக்கத்தில் படுத்திருந்த நான் ரயில் என்று நினைத்துத் தூங்கியிருக்கிறேன்.

ரெஜிஸ்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் அது இருக்காது. பொதுவாக ஒரு செக்கப் செய்துகொள்வோமே என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார், அவருக்கும் போக ஆசைதான். நர்சிங் ஹோமில் நல்ல டாக்டர், ஐம்பது வயது, ஆண். இதை உன் புரொஃபசருக்காக எழுதுகிறேன். உள்ளே அரைக்கதவுதான், பேசுவது வெளியே கேட்கும். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். பிறகு உன் அப்பாவின் குரல் கேட்டது. “முட்டி வலி டாக்டர்.” வேறு ஏதாவது உண்டா என்றார். “வேற ஒண்ணும் இல்ல. பசி நல்லா எடுக்குது.” டாக்டர்மேல் தப்பில்லை, முட்டியைக் காட்டினால் முட்டியைத்தானே பார்ப்பார். நீட்டி மடக்கிப் பார்த்து, தைலம் எழுதிக்கொடுத்தார். தினமும் இரண்டு வேளை தடவிக்கொள்கிறார், இன்றைக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே சிறந்த முட்டி உன் அப்பாவுடையதுதான். திரும்பி வரும்போது ஆட்டோவின் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் சில்லறை வாங்காமல் இறங்கி உள்ளே ஓடினார். முப்பத்தாறு வருடத்தில் அவர் ஆட்டோக்காரனிடம் சில்லறையை விட்டுவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோலார் தங்கவயல் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரும் இப்படித்தான் ஒரு வருடம் மறைத்து, இரண்டு கிட்னியும் போனபிறகு சொன்னார். நீ அப்போது பத்தாவது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள் எல்லாரும் ஆண்கள். ஆண்கள் ஆணிடம் சொல்லிவிடுவார்கள் என்ற உன் புரொஃபசரின் கணக்கு எங்கே தப்புகிறது என்று தெரிகிறதா? அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை எல்லம்மா ஹால் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன், உன் விஷயத்தை மட்டும்தான், அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். எல்லம்மாவின் புருஷன் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், உனக்குத் தெரியும். அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என்னாம்மா பேசறாரு அந்த வாத்தியாரு. எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு வருசம் முன்ன சுத்தமா அடச்சிக்கினு, செவுத்துல முட்டிக்கினு கெடந்தாரு. பெரியாஸ்பத்திரில இருந்த டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு, நம்ம ரூபிம்மா வயசுதான். டியூப்ப போட்டுட்டு, ‘எத்தினி நாளா மறச்சி வெச்சிருந்தீங்க பெரியவரே’ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். பொண்டாட்டி எங்கிட்டயே சொல்லாதத எல்லாம் அதுங்கிட்ட கொட்டிட்டாரு.” அவருக்கு வெட்கமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். எல்லம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள். “யாராச்சும் சரியா கேக்கற வரைக்கும்தாம்மா வெக்கம்.”

பேப்பர் அதன்பிறகு முக்கால் மணி நேரம் பக்கம் திருப்பப்படவில்லை. அது டெண்டர் அறிவிப்புப் பக்கம்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்பதும், எத்தனை நாளாக மறைத்தீர்கள் என்று கேட்பதும் ஒன்றல்ல, இல்லையா? இரண்டாவதைக் கேட்கத் தெரிந்தவர் ஆணா பெண்ணா என்பது கடைசி பெஞ்சுக்காரர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். அதற்காக அப்பாவுக்காக யூராலஜி படி என்று சொல்லவில்லை. நீ படித்து முடிக்க மூன்று வருடம் ஆகும், அவருக்கு மூன்று மணி நேரமே கஷ்டம். குழந்தைகள் பிரிவும் புண்ணியமான வேலைதான், உனக்கே அதில் மனம் போனால் சந்தோஷமாக எடுத்துக்கொள், காக்ஸ் டவுன் அம்மாளுக்கும் பிஸ்கட் நனையாது. உன் மனதுக்குப் பட்டதை எழுதிக் கொடு, புரொஃபசரின் கணக்கை எழுதிக் கொடுக்காதே. நான் கேட்பது இவ்வளவுதான்.

லக்னோவில் இன்னும் வெயில் என்று எழுதியிருந்தாய், தண்ணீர் காய்ச்சிக் குடி. ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காக நிற்கும்போது நீயும் அடக்கி வைக்காதே, ஊருக்கு உபதேசம் செய்யப்போகிறவள். தேங்காய் எண்ணெய் தீர்ந்திருக்கும், அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. என் கடிதங்களை ஒட்டித் தபாலில் போடுவது அப்பாதான், ஒட்டுவதற்கு முன்னால் அடியில் ஒரு வரி எழுதுவார். பத்து வருடமாக அதே வரி, ஆசிகள், மழை உண்டு, அல்லது ஆசிகள், மழை இல்லை. மேலே நான் எழுதியதைப் படிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு முழுவதும் படிப்பார். அது தெரிந்துதான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவார். இதைப் படிக்கும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, நான் மௌரீன் வீட்டில் இருப்பேன். இன்றைக்கு அடியில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டிருக்கிறேன்.

கர்த்தர் உன் கையின் வேலையையும் உன் உறக்கத்தையும் காப்பாராக. இருபதாம் தேதியை மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா,
அன்னம்மாள்

டாக்டர் ரூபினி அவர்களுக்கு,

வயது 63. மார்ச் 4 முதல். இரவில் நான்கு, சில நாள் ஐந்து. பகலில் கணக்கெடுக்கவில்லை, இனி எடுக்கிறேன். அதிகபட்சத் தாமதம் பதினொரு நிமிடம். ரத்தம் இல்லை. முட்டியில் வலி இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ரெஜிஸ்டரிலிருந்து ஜூன் மாத நகல் இணைத்திருக்கிறேன். இங்கே யாரிடம் போக வேண்டும், போனதும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதவும். அப்படியே சொல்லிவிடுகிறேன். கடைசி பெஞ்சில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்டு எழுதட்டுமா?

ஆசிகள். மழை உண்டு.

அப்பா