பூஜ்ஜிய நேரத்தில் என் பெயர்

நவம்பர் 29, சனி. எடப்பாடி

நாளை டெல்லிக்குக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை குளிர்காலக் கூட்டத்தொடர். ஸ்வெட்டர் இரண்டு, முறுக்கு ஒரு டப்பா, இட்லிப் பொடி, போன வருடம் வாங்கி ஒருநாளும் போடாத கையுறை, எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பெட்டியை மூடித் தருகிறேன் என்று வந்த என் வீட்டுக்காரர் ஜிப்பைப் பிய்த்துவிட்டார். அதற்கு ஒரு கூச்சல்.

சண்டை என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை டீக்கடையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவள். அவர் இன்னும் ஓட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையை மெதுவாகப் பேசச் சொன்னால் எங்கே போவது? எங்கள் வீட்டுச் சங்கதி எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எதிர்வீட்டுப் பூவாத்தாளுக்குத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் கொழுந்தன் மணிமாறன் வந்தான். காலில் இன்னும் கட்டு. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறான், இவன் காதில் விழவேயில்லை. சைக்கிள் அப்பளமாக நொறுங்கிவிட்டது. இவன் வாய்க்காலில் விழுந்ததால் பிழைத்தான். வயது நாற்பத்தாறுதான் ஆகிறது, அவனும் தறிக்காரன்.

"அண்ணி, டெல்லியில எங்க காதப் பத்தி ஒரு வார்த்த பேசுங்க. வருசம் ஒருக்கா டெஸ்ட் பண்ணி, கேக்காதவனுக்கு மிசினு குடுத்தாப் போதும். அடுத்த தடவ வாய்க்கா இல்லாத எடத்துல லாரி வந்துச்சுன்னா?"

சரி சாமி, பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மாநிலங்களவைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கட்சி சொன்ன மசோதாவில் பேசியிருக்கிறேன். கட்சி சொன்னபோது கை தூக்கியிருக்கிறேன். நானாக ஒரு விஷயத்தைப் பூஜ்ஜிய நேரத்தில் எழுப்பியது கிடையாது. காலையில் அவை கூடியதும் உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லும் நேரம் அது. முந்தியே எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம், அதற்குமேல் மைக் தானாக அணைந்துவிடும். மூன்று நிமிடம் எனக்கு வணக்கம் சொல்லவே போதாது.

என் காது நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்டவன் புண்ணியம். இந்த ஊரில்தான் எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்.

டிசம்பர் 1, திங்கள். டெல்லி

மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்கு அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றோம். உட்கார்ந்த மறுநிமிடம் அமளி. அவை ஒத்திவைப்பு. இதற்காகவா விடியலில் எழுந்து பட்டுச் சேலை கட்டினேன்?

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடியும் ஒத்திவைப்பு. கேன்டீனில் இட்லி பரவாயில்லை. சட்னியைப் பற்றி எழுதினால் அவை உரிமை மீறல் ஆகிவிடும்.

டிசம்பர் 3, புதன்

இன்று அவை ஒழுங்காக நடந்தது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து "இந்த ஆவணங்களை மேசையில் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மேசையில் யாரும் எதையும் வைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் வைத்தாகிவிட்டது. ஒன்றரை வருடமாக எனக்கு இது தீராத அதிசயம்.

பிறகு கேள்வி நேரம். ஒவ்வோர் இருக்கையிலும் ஹெட்போன் உண்டு. யார் எந்த மொழியில் பேசினாலும் தமிழில் காதுக்குள் வந்துவிடுகிறது. அதை மாட்டினால் ஒரு சொல் தப்பாது. டெல்லிக்காரர்கள் தெளிவாகப் பேசுகிறவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து இருக்கை அஸ்ஸாம்காரர், எதிலும் நிதானமான பெரியவர். பெயர் என் வாயில் நுழைவதில்லை, அஸ்ஸாம் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இன்று என் ஹெட்போனைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எனக்குத் தெரிந்த அளவுக்கு, ஒரு விஷயம் சொன்னார். என் ஹெட்போனில் வரும் தமிழ் அவர் இருக்கை வரைக்கும் கேட்கிறதாம். கூடிய சீக்கிரம் தமிழ் கற்றுக்கொண்டுவிடுவாராம். என்ன கிண்டல்!

அலுவலகத்தில் இருந்து பிரபா போன் செய்தாள். திருச்செங்கோட்டுக்காரி, என் டெல்லி வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். காது விஷயத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேனே, நாளைய பூஜ்ஜிய நேரத்தில் என் பெயர் வந்துவிட்டதாம். ஏழாவது. உடனே ஊருக்குப் போன் போட்டேன். தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் டிவி பார்க்கப் போகிறார்களாம். அவ்வளவு தறியும் ஒன்றாக நிற்பது ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

டிசம்பர் 4, வியாழன்

என்னத்த எழுதறது. மானம் போச்சு.

காலையில் எங்கள் அவைக் கட்சித் தலைவர் குமாரசாமி ஐயா கூப்பிட்டார். மாநிலப் பிரச்சினை ஒன்றுக்காக இன்று அவையின் மையப்பகுதிக்குப் போய் முழக்கம் போட வேண்டும், கட்சி முடிவு. "நீங்க ஆரம்பிச்சு வைங்கம்மா. உங்க தொண்டைக்கு முன்னால யார் தொண்டை நிக்கும்?" புகழ்ந்தால் மயங்காதவள் யார்? என் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஹெட்போனை இருக்கையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்து நின்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அமளிக்கு நடுவிலேயே அவைத் தலைவர் பூஜ்ஜிய நேரத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார் போல. எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் அவையை ஒத்திவைத்தார்கள். வெளியே வந்து போனை எடுத்தால் வீட்டுக்காரரிடமிருந்து வரிசையாக அழைப்பு.

"ஏம்புள்ள, உம்பேரத்தான கூப்புட்டாங்க! மூணு தடவ! நீ பாட்டுக்குக் கைய ஆட்டிக்கிட்டு நிக்கற!"

"என்னை யாரும் கூப்புடலீங்க."

"பட்டறையே பார்த்துச்சு! தறிய நிறுத்திப்போட்டுப் பார்த்தோம்!"

டிவிச் சத்தம் அவர்களில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்கவும் தேவையில்லை. தறி ஓடும்போது வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். அவைத் தலைவர் வாயில் என் பெயர் வந்ததை எடப்பாடியில் ஒரு பட்டறையே படித்துவிட்டது. அவருக்கு முன்னால் நின்ற நான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, என் பெயரை என் சத்தத்தாலேயே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு மணிமாறன் போனை வாங்கி, "பரவாயில்லீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

டிசம்பர் 5, வெள்ளி

அமளியில் யாருக்குத்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். ஆனால் நேற்று என் பக்கத்தில் நின்று கத்திய மற்ற இருவரும் என் பெயர் தங்களுக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் கேட்டுவிட்டுத்தான் கட்சிக்காகப் போகாமல் நிற்கிறேன் என்று நினைத்தார்களாம். பெரிய தியாகி என்று பாராட்டு வேறு!

காலையில் பிரபா வந்தாள். அவளிடம் சாவி இருக்கிறது, எப்போதும் தானே திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவாள். எரிச்சலில், "பெல் அடிச்சுட்டு வரமாட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "தினமும் பெல் அடிச்சுட்டுத்தானுங்க அக்கா வாரேன். அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத்தான் சாவியப் போடறேன்."

அவளை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு அடிக்கச் சொன்னேன். நடுவீட்டில் நின்றேன். எப்போது அடிப்பாள் என்று காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்து, "அடிச்சனுங்க" என்றாள்.

அப்ப எடப்பாடியில யாரும் முணுமுணுக்கல. அத்தன பேரும் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. எனக்குத்தான்... நான் அழுதேன். அழுததைப் பார்த்து பிரபா காபி போட்டாள். சர்க்கரை அதிகம்.

டிசம்பர் 8, திங்கள்

மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். அனுமதி இல்லை. மதியம் ஒரு மசோதா, குரல் வாக்கெடுப்புக்கு வந்தது. "இல்லை" என்போர் சொல்லலாம் என்றார்கள். நான் ஒரு "இல்லை" சொன்னேன். எதிர்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார். மசோதா நிறைவேறிவிட்டது. தொண்டைக்கு ஓட்டு உண்டு என்றால் நாங்கள்தான் ஜெயித்திருப்போம்.

டிசம்பர் 9, செவ்வாய்

காது டாக்டரிடம் போனேன். ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார். அவர் ஆரம்பிக்கட்டும் என்று அடக்கமாகக் காத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, ஒரு காது முடிந்துவிட்டது, அடுத்த காதைப் பார்க்கலாமா என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும். மைய அரசின் மருத்துவ வசதி எனக்கு இருக்கிறது, வந்துவிடும். மணிமாறனுக்கு?

டிசம்பர் 10, புதன்

நாளைக்கு என் பெயர் இருக்கிறது. பதினொன்றாவது!

குமாரசாமி ஐயா சாயங்காலமே சொல்லிவிட்டார்: நாளையும் முழக்கம்.

"நாளைக்கு நான் என் எடத்துலதானுங்க இருப்பேன்" என்றேன். கட்சி முடிவும்மா என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பாவமாகத்தான் பார்த்தார், ஆனால் முடிவு முடிவுதான் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரிங்க, நானில்லாம முழக்கம் போட்டுக்கங்க. இப்பவே இங்க ஒருக்காப் போட்டுக் காட்டுங்க, கேப்போம்."

கட்சி அறையில் இருந்த ஐந்து பேரும் போட்டுக் காட்டினார்கள். எனக்குக் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் காவலுக்கு வெளியே நின்றவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குமாரசாமி ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூஜ்ஜிய நேரம் முடிஞ்சு, கேள்வி நேரத்துல வெச்சுக்கலாம்" என்றார்.

என் தொண்டையால் போனதை என் தொண்டையை வைத்தே மீட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஹெட்போனைக் கழற்றவேயில்லை. பத்தாவது உறுப்பினர் பேசி முடித்ததும் என் பெயர் காதுக்குள் வந்தது. முதல் தடவையிலேயே எழுந்தேன். எழுந்த வேகத்தில் அஸ்ஸாம் ஐயாவின் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.

தமிழில் பேசினேன். வணக்கத்தை ஒரே சொல்லில் முடித்தேன். "போன வாரம் நீங்கள் என்னை மூன்று முறை கூப்பிட்டீர்கள். எனக்குக் கேட்கவில்லை. அவையின் சத்தத்தினால் என்று நினைத்தேன். இல்லை. இருபத்திரண்டு வருடத் தறிச் சத்தத்தினால்" என்றேன். எழுதி வைத்திருந்தது வேறு. அதை மடித்து வைத்துவிட்டேன். மணிமாறனின் சைக்கிளைச் சொன்னேன், வாய்க்காலைச் சொன்னேன். பெல் அடித்துவிட்டு வாசலில் நின்ற பிரபாவைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தறி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு முறை காதுப் பரிசோதனை வேண்டும், கேட்காதவர்களுக்குக் கருவி இலவசமாக வேண்டும், கேட்கிறவர்கள் காதைக் காக்க அடைப்பான் வேண்டும் என்று முடித்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் அஸ்ஸாம் ஐயா மைக்கைக் காட்டினார். கடைசி வாக்கியத்துக்கு முன்பே அணைந்துவிட்டதாம். எனக்குத் தெரியவில்லை. அவையில் வேறு யாருக்கும் தெரிந்த மாதிரியும் இல்லை என்றார்.

பிறகுதான் அது நடந்தது. ஒருவர் சொன்ன விஷயத்தில் தனக்கும் உடன்பாடு உண்டு என்றால், மற்ற உறுப்பினர்கள் கை தூக்கித் தங்களை அதில் இணைத்துக்கொள்வது எங்கள் அவையின் வழக்கம். அவர்கள் பெயரும் குறிப்பில் ஏறும். முதலில் அஸ்ஸாம் ஐயா தூக்கினார். பிறகு மகாராஷ்டிரம், அங்கேயும் தறி இருக்கிறது. பிறகு குஜராத். வங்காளத்து அம்மா ஒருவர், சணல் ஆலை ஊர்க்காரர். பிறகு எந்த வரிசையைப் பார்த்துப் போன வாரம் கத்தினேனோ அந்த வரிசையிலேயே ஐந்தாறு கைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் ஹெட்போனில் ஒன்றும் புரியவில்லை. நான் அதைக் கழற்றிவிட்டேன். கையைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எங்களுக்குப் புதிதா என்ன?

கேள்வி நேரத்தில் சொன்ன சொல் தவறாமல் மையப்பகுதிக்குப் போய் முழக்கம் போட்டேன். நிறைந்த மனதோடு போட்டேன்.

வீட்டுக்காரர் போனில் கத்தினார்: "மணி அழுவறான்! அத்தன பேரும் அழுவறாங்க! நான் அழுவல!" நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணுமுங்க என்றேன். "எனக்கென்ன, காது கணீர்னு இருக்குது" என்றார். நான் சொன்னதையே மூன்று முறை சொன்ன பிறகுதான் அந்தப் பதிலும் வந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. அஸ்ஸாம் ஐயாவுக்கு முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டேன். "ரொம்ப நன்றி" என்று தமிழில் சொன்னார். என் ஹெட்போனில் கற்றுக்கொண்டதாம்.

ஜனவரி 11, ஞாயிறு. எடப்பாடி

கல்யாண மண்டபத்தில் காதுப் பரிசோதனை முகாம். சட்டம், திட்டம் எல்லாம் வரும்போது வரட்டும். அமைச்சகம் பரிசீலிக்கிறது என்றிருக்கிறார்கள், விடமாட்டேன். அதுவரை சேலத்து டாக்டர்கள் சிலரைப் பிடித்து நாங்களே வைத்தோம். மணிமாறன்தான் முதல் ஆள். என் வீட்டுக்காரர் கூட்டத்தை ஒழுங்கு செய்ய மட்டுமே வந்ததாகச் சொன்னார். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று, "சாமிநாதன்" என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர.

ஜனவரி 25, ஞாயிறு

இந்த வாரம் பட்ஜெட் கூட்டத்தொடர், மறுபடியும் பெட்டி. புது ஜிப்.

எங்கள் இருவருக்கும் கருவி வந்து ஒரு வாரம் ஆகிறது. வெங்காயம் வதங்குவதற்குச் சத்தம் உண்டு என்பதையே மறந்து போயிருந்தேன். அவர் நடக்கும்போது செருப்பை இழுக்கிறார். இத்தனை வருடம் நான் அவரிடம் கத்திக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் தனக்குள் சொல்லிக்கொண்ட பதில்களும் இப்போது காதில் விழுகின்றன. அதில் சில பதில்கள் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

காலையில் பூவாத்தாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முகமே சரியில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனம்மிணி, உங்க ரெண்டு பேத்துக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா? ஒரு வாரமா ஊட்டுல சத்தத்தையே காணோம். தெருவே கவலப்படுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் சமையலறையில் இருந்து, கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல, "உள்ள வரச் சொல்லு புள்ள, காபி போடறேன்" என்றார்.

எனக்குக் கேட்டது.