எந்த ஊர் வேண்டாம்

அப்பா,

இன்று குற்றாலத்தில் நல்ல சாரல். அம்மாவும் நானும் குளித்துவிட்டு, நீங்கள் எப்போதும் கூட்டிப்போகும் பரோட்டாக் கடைக்குப் போனோம். சால்னா வாளியோடு வந்தவரிடம் "போதும் அண்ணாச்சி" என்று இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தேன். "பிச்சுப் போட்டது ஊற வேண்டாமா? கைய எடுங்க" என்றார். எடுத்தேன்.

பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் படிக்கப் போன புதிதில், அப்படிக் கையை எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. வகுப்புத்தோழி கிளேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். அவள் அம்மா கோழித் தட்டை நீட்டினார். நம் வழக்கப்படி "வேண்டாம், நன்றி" என்றேன். இன்னொரு முறை கேட்பார், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. உருளைக்கிழங்கும் அப்படியே போனது. அறைக்குத் திரும்பிச் சோறு வடித்து, ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

உங்களிடம் போனில் சொன்னபோது நீங்கள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போவை நிறுத்திவிட்டு லோடுக்குக் காத்திருந்தீர்கள்.

"ஏட்டி, ஒருவாட்டிதான் கேட்டாவளா? பொறவு அவிய பாட்டுக்குத் திங்காவளா?"

பக்கத்தில் நின்றவர்களிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். "எம்மவ பிரான்சுல விருந்துக்குப் போயி பட்டினியா வந்திருக்கா!"

கிளேருக்கோ அது ஆச்சரியம். "நீதானே வேண்டாம் என்றாய்? மறுபடியும் கேட்டால் உன் பேச்சை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?" என்றாள். போகப்போக அந்த வழக்கம் எனக்குப் பிடித்துவிட்டது. எல்லோரும் ஒயின் குடிக்கிற இடத்தில் ஒரு தடவை வேண்டாம் என்றால் போதும். ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற எனக்கு அது பெரிய நிம்மதி. நம்மூர்க் கல்யாண வீடுகளில் என் "வேண்டாம்" ஒருநாளும் செல்லுபடியானதில்லை.

விடுமுறைக்கு வந்தபோது சோற்றுக் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "இது பிரான்ஸ் வேண்டாமா, தென்காசி வேண்டாமாட்டி?" அதன்பிறகு போனிலும் அதே கேள்விதான். கருவாடு கொடுத்துவிடவா என்பீர்கள். வேண்டாம்ப்பா என்பேன். "எந்த ஊர் வேண்டாம்?"

கடைசிப் பரீட்சைகளுக்கு முன்னால் நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நான் வரட்டுமாப்பா?"

"வேண்டாம். லேசா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நீ பரீட்சைய முடி."

கிளேராக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கேட்டேன்.

"அப்பா, இது எந்த ஊர் வேண்டாம்?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்:

"நம்மூர் வேண்டாந்தாம்மா. வா."

வந்தேன். பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொண்டேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க எனக்கும் அந்தக் கடைசிச் சில நாட்கள் கிடைத்தன. ஒரு காலையில் கஞ்சி புகட்டும்போது தலையை ஆட்டிப் போதும் என்றீர்கள். நான் கரண்டியை இறக்காமல் உங்களையே பார்த்தேன். நான் என்ன கேட்கிறேன் என்று புரிந்து சிரித்தீர்கள்.

"பிரான்ஸ்."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

இன்று அம்மா பாதி பரோட்டாவை என் பக்கம் தள்ளினாள். "எனக்குப் போதும், நீ தின்னு" என்றாள்.

"எந்த ஊர் போதும்மா?"

அம்மா அந்தப் பாதிப் பரோட்டாவை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.