பைபிள் உறையில் பாதிப் புத்தகம்

அக்கா,

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நேற்று ஒரு புதுப் புத்தகம் வாங்கினேன். கிரிக்கெட் வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. வீட்டுக்கு வந்து பிரித்ததும் பசை வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. ஒரு முழுப் புத்தகத்தைத் தனி ஆளாகப் படிப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

நாம் படித்ததெல்லாம் பாதிப் பாதியாகத்தானே. தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் நான் தாம்பரத்தில் ஏறி, பெண்கள் பெட்டியில் உங்களுக்கு இடம் பிடித்து வைப்பேன். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பல்லாவரத்தில் ஏறுவீர்கள். நடிகை, பாடகர், ஆட்டக்காரர் என்று யாரைப் பற்றிப் புதுப் புத்தகம் வந்தாலும் ஒரே பிரதிதான் வாங்குவோம். ரயிலிலேயே அதை நடுவில் மடக்கி, முதுகுப் பசையைக் கத்தியால் அறுப்பீர்கள். எதிர் சீட்டுப் பெண்கள் கொலையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மூத்தவர் என்பதால் முன்பாதி உங்களுக்கு. சாவை முதலிலும் பிறப்பை அப்புறமும் படிப்பது என் தலையெழுத்து.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். பாதிப் புத்தகம்தான் உங்கள் பழைய பைபிளின் ஜிப் உறைக்குள் அடங்கும் என்பது நமக்கு மட்டும் தெரிந்த காரணம். உங்கள் வீட்டுக்காரர் சபையின் செயலாளர். அவருக்குச் சினிமா வாசனையே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் உறையை மாற்றி எடுத்துப் போய்விட்டீர்கள். வேதபாடம் வாசிக்க எழுந்து ஜிப்பைத் திறந்தால், உள்ளே ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரின் பைபிளை வாங்கி, குரல் பிசிறாமல் வாசித்து முடித்தீர்களாம். மறுநாள் சொல்லும்போது பெட்டியே சிரித்தது.

நாம் கடைசியாக அறுத்தது நம் இருவருக்கும் பிடித்த அந்த நடிகையின் வரலாறு. அதற்குள் நீங்கள் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தீர்கள். மார்பில் வந்த கட்டி நுரையீரலுக்கும் பரவிவிட்டது. பம்மல் வீட்டில், உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான்தான் அறுத்தேன். வீட்டுக்கு வந்து என் பாதியைப் படித்தால், நடிகையின் கடைசி மாதங்கள். உங்களுக்கு வந்த அதே நோய். வலியையும் மூச்சுத் திணறலையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். இதை எப்படி உங்கள் கையில் கொடுப்பேன்? அடுத்த சனிக்கிழமை வந்தபோது பையைத் திறக்காமல், இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

"ஒரே நாள்ல முடிக்கிறவதானே நீ? அவளுக்கும் இதேதான்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. குடும்மா."

கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன்.

அந்த நாட்களில் சபையார் வந்துகொண்டே இருப்பார்கள். தலையில் கைவைத்து ஜெபித்து, பயப்படாதீர்கள் சிஸ்டர் என்பார்கள். பயமே இல்லை என்று சிரித்து, வந்தவர்களுக்குக் காபி போடச் சொல்வீர்கள். என்ன தைரியம் என்று தெருவே பேசியது. நானும் நம்பினேன்.

மறுவாரம் வந்தபோது அந்தப் பாதி உங்கள் மடியில் விரிந்து கிடந்தது. நடிகை பயந்துபோய் விளக்கை அணைக்க விடவில்லை, நர்ஸின் கையை விடவில்லை என்று எழுதியிருந்த பக்கம். விரலால் அதைக் காட்டினீர்கள்.

"இவளே பயந்திருக்காம்மா. எனக்குத்தான் விசுவாசம் கொறஞ்சுபோச்சோன்னு நெனச்சுட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கதவருகே நின்ற உங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சினிமாப் புத்தகத்தைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு, போன மாதம் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.