செங்காட்டுவளவு தறிப்பட்டறையின் அட்டைக் கூரையை வியாழனன்று உடைக்காமல் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெ. சின்னண்ணன் (வயது 64),
மேற்குத் தெரு, எருமப்பட்டி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: எடப்பாடி வட்டம், செங்காட்டுவளவில் நான் விற்ற வீடும் தறிப்பட்டறையும் – பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டைகளை 19.06.2025 வியாழக்கிழமை உடைத்து இறக்க இருப்பது – அதை நிறுத்தி, பாதுகாப்பாக அகற்ற ஆணையிட வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வீட்டைக் கடந்த ஆண்டு ஆவணியில் விற்றவன் நான். வாங்கியவர் திரு. கோகுல்ராஜ், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுநர். அவர் மனைவி சௌமியா. மகள் தமிழினிக்கு மூன்றரை வயது. இந்த மனு அவர்கள் மீது கொடுக்கும் புகார் அல்ல. யார் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

2. அந்த வீட்டை நானும் என் மனைவி வசந்தாமணியும் 1992-இல் வாங்கினோம். வீட்டை ஒட்டிய தறிப்பட்டறையில் அப்போதே நாற்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகள் வேய்ந்திருந்தன. எங்கள் பக்கத்தில் அதை அட்டை என்போம். நூல் வைக்க இடம் போதாமல் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கினோம். அதற்கு வாங்கிய ஒன்பது அட்டைகளை நானே கைரம்பத்தால் அறுத்தேன். அட்டை ஆடாமல் இருக்க மறுமுனையை வசந்தாமணி பிடித்துக்கொண்டாள். தூசி அவள் பக்கம்தான் போயிற்று. அறுத்து மிஞ்சிய துண்டுகளை இடித்துத் தளத்துக்கு அடியில் கொட்டினோம். அப்படிப் போட்டால் கரையான் ஏறாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

3. எட்டு விசைத்தறிகள் ஓடிய பட்டறை அது. தறி ஓடும் இடத்தில் பஞ்சு பறந்து கூரையின் அடிப்பக்கம் ஒட்டடைபோலத் தொங்கும். ஆயுத பூசைக்கு முதல் நாள் மூங்கிலில் விளக்குமாற்றைக் கட்டி அதைத் தட்டிவிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலையை வசந்தாமணி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கோடை பிறந்ததும் கூரைமேல் ஏறி, காய்ந்த பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்போம். பட்டறை கொஞ்சம் குளிரும். இறங்கி வரும்போது தலையும் இமையும் வெளுத்திருக்கும். முப்பது ஆண்டுகள் இப்படிச் செய்தோம். விழுந்தது எல்லாம் பஞ்சு என்றுதான் நினைத்தோம். வெள்ளையாக எது பறந்தாலும் பஞ்சு என்று எண்ணுவது தறிக்காரர் வீட்டுப் பழக்கம்.

4. 2023 ஆடியில் அவளுக்கு இருமல் தொடங்கியது. தறிக்காரர்களுக்கு வருகிற இருமல்தான் என்று பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதையே முதலில் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தோம். பிறகு மூச்சு வாங்கியது. மகள் சித்ரா எருமப்பட்டியில் இருப்பதால், தறிகளைக் கொடுத்துவிட்டு, வீட்டையும் விற்று அவளிடம் வந்து சேர்ந்தோம்.

5. பத்திரம் பதிந்த அன்று கோகுல்ராஜ் என்னிடம் யோசனை கேட்டார். பட்டறையை வீடாக மாற்றி, மேலே கான்கிரீட் போட வேண்டும் என்றார். நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “பழைய அட்டைய வெளிய கொட்டீராதீங்க சாமி. ஒடச்சுத் தளத்துக்கு அடியில போட்டுருங்க. நாங்களும் அப்படித்தான் போட்டோம், முப்பது வருசத்துல ஒரு கரையான் ஏறலீங்க.” அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அன்று நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

6. நவம்பரில் கோவையில் ஒரு மருத்துவமனையில் வசந்தாமணியின் மார்பிலிருந்து நீர் எடுத்தார்கள். பிறகு சதையும் எடுத்துச் சோதித்தார்கள். தனப்பிரியா என்ற இளம் மருத்துவர் பஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. “வீட்டுக்கு மேல என்னங்கம்மா போட்டிருந்தீங்க?” என்று கேட்டார். “அட்டைதானுங்க கண்ணு. ஊருல பாதி ஊடு அதுதானுங்களே” என்றாள் வசந்தாமணி. விளக்குமாறு, கம்பி பிரஷ், ரம்பம் என ஒவ்வொன்றாக அவர் கேட்க இவள் சொன்னாள். என்னைக் காட்டி, “இவரு ஒழுங்கா அறுக்கமாட்டாருங்க, நான் புடிச்சாத்தான் கோடு நேரா வரும்” என்றும் சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்றுநோய் என்றும், கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது என்றும், தூசி உள்ளே போய் முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் வரும் என்றும் எனக்குத் தனியாகச் சொன்னார். அட்டையோடு பழகியவர்களுக்கு எல்லாம் இந்த நோய் வராது, உடையாமல் கூரையில் கிடக்கும் அட்டையால் பெரிய கெடுதல் இல்லை, அறுப்பதும் உடைப்பதும் காய்ந்த நிலையில் சுரண்டுவதும்தான் ஆபத்து என்றார். நாங்கள் அந்த மூன்றையும் செய்திருந்தோம்.

7. 11.02.2025 அன்று காலை வசந்தாமணி இறந்தாள். கடைசி இருபது நாட்களும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். தறியில் நின்று பழகியவளுக்கு உட்கார்ந்திருப்பது பிடிக்காது. இதற்குமேல் இந்தப் பத்தியில் எழுத இயலவில்லை. பொறுத்தருளவும்.

8. காரியம் முடிந்த பிறகு கோகுல்ராஜைப் பார்க்க மூன்று முறை போனேன். முதல் முறை அவர் வண்டியோடு வடக்கே போயிருந்தார். இரண்டாம் முறை இருந்தார். சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு, “ஏனுங் மாமா, பாறைத் தூசியத் தின்னு வளந்தவன் நானு. இந்த அட்டை என்னைய என்ன பண்ணீரும்?” என்றார். சௌமியா, “ஊட்டை வித்துப்போட்டு நோவக் கொண்டாந்து வெக்கறீங்களே, மனசு மாறிப்போச்சுன்னா நேராச் சொல்லீருங்க” என்றார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மனைவியை இழந்த கிழவன் வீட்டைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறான் என்று யாருக்கும் தோன்றும்.

9. மூன்றாம் முறை போனது இந்த மாதம் 9-ஆம் தேதி. சாய்ப்பை ஏற்கனவே பிரித்துவிட்டார்கள். ஒன்பது அட்டைகளும் உடைந்து வாசலில் குவிந்திருந்தன. தமிழினி ஒரு சில்லை எடுத்து வாசல் சிமெண்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பலப்பம் போல வெள்ளையாக விழுந்தது. கோட்டைக் கையால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அந்தச் சில்லை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். குழந்தை அழுதது. சௌமியா ஓடிவந்து, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதீர்கள் என்றார். பிடுங்கிய சில்லை ஓர் உறையில் போட்டு ஒட்டி, இத்துடன் இணைத்துள்ளேன். உறையைப் பிரிக்க வேண்டாம் என்று தங்கள் அலுவலர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.

10. மீதி நாற்பது அட்டைகளை வருகிற வியாழக்கிழமை இறக்குகிறார்கள். ஆடி பிறந்தால் வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். அவர்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. சம்மட்டியால் அடித்து இறக்குவதாகவும், அங்கேயே தளத்துக்குள் போட்டு நிரவுவதாகவும் அன்று அங்கே இருந்த கொத்தனார் சொன்னார். அதாவது, நான் சொன்ன யோசனைப்படி.

11. ஆகவே நான் கேட்பது இவைதான். வியாழக்கிழமை வேலையை நிறுத்தி, விவரம் தெரிந்த அலுவலர் ஒருவரை அங்கே அனுப்ப வேண்டும். வாசலில் கிடக்கும் துண்டுகளைப் பெருக்காமல், தண்ணீரில் நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி எடுக்க வேண்டும். கூரை அட்டைகளை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். வேலையாட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, அதற்குரிய முகக்கவசம் வேண்டும். வேலை முடியும்வரை குழந்தை அங்கே இருக்கக் கூடாது. பழைய தளத்தைத் தோண்டாமல் அப்படியே மேலே கான்கிரீட் போடச் சொல்ல வேண்டும். இதற்காகும் கூடுதல் செலவு என்னுடையது.

12. என் விற்பனைப் பத்திரத்தில் “ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வேய்ந்த கட்டடம்” என்று எழுதியிருக்கிறது. மதிப்புக் கணக்கிட அது தேவைப்பட்டது. வாங்குகிறவரை எச்சரிக்க அந்த இடத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்பதையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய தறிப்பட்டறைகளில் மாதம் ஒன்றாவது கைமாறி, வீடாக மாறுகிறது.

13. நான் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள். தங்கள் முத்திரையோடு ஒரு தாள் போனால் கேட்பார்கள். விற்றவன் மறைத்தான் என்று அந்தத் தாளில் எழுதினால்தான் நிற்பார்கள் என்றால், அப்படியே எழுதுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

14. வசந்தாமணிக்கு நோய் வெளியே தெரிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. முப்பது ஆண்டு கழித்துத் தமிழினிக்கு முப்பத்துமூன்று வயது முடிந்திருக்கும். அன்று நான் இருக்க மாட்டேன். தாங்களும் இந்தப் பொறுப்பில் இருக்க மாட்டீர்கள். எந்த வீடு, எந்தத் தூசி என்று ஒரு மருத்துவர் கேட்டால், அந்தப் பெண்ணுக்கு நினைவிருக்காது. இன்று திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாட்கள் இருக்கின்றன.

தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,

பெ. சின்னண்ணன்
(ஒப்பம்)

இடம்: சேலம்
நாள்: 16.06.2025

இணைப்பு: விற்பனைப் பத்திர நகல், மருத்துவ அறிக்கை நகல், இறப்புச் சான்று நகல், ஒட்டிய உறை ஒன்று.