ஊர் மண்டபத்தில் ஒரு வாளி எலும்பு

இக்காஸ்ட், டென்மார்க்
2025 செப்டெம்பர் 14
திருச்சிலுவை மகிமை விழா

என் அன்பு மகள் ஷரோனுக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டவர் கிருபையால் எனக்குச் சுகமாகவே இருக்கிறது. கிறீன்லாந்தில் நூக்கின் அந்தக் குளிருக்குள் நீயும் உடலாலும் மனத்தாலும் சுகமாயிருக்க வேண்டுமென்று செபமாலையில் பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லிவருகிறேன். போன கிழமை தொலைபேசியில் நீ, ஓநாயைப் பற்றி ஸ்ரிபன் அண்ணா ஏதோ சொன்னாரே, என்ன நடந்தது அம்மா என்று கேட்டாய். பிறகு எழுதுகிறேன் என்று நான் வைத்துவிட்டேன். அது கோபமில்லை, பிள்ளை. தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் டெனிஷுக்கு மாறிவிடுவாய், நானும் அவசரத்தில் ஒருவருக்கு நியாயம் குறைத்துச் சொல்லிவிடுவேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. விளங்காத சொல்லைக் கைத்தொலைபேசிக்குக் காட்டாதே, வாய்விட்டு இரண்டாந்தரம் வாசித்தால் விளங்கும். பிரெடெரிசியாவில் அண்ணா குடும்பம் சுகம். அண்ணாவின் மகன் றொனிஷன் கார் ஓடப் பழகிவிட்டான். நான் தமிழில் ஒரு பந்தி கதைத்தால் அவன் டெனிஷில் ஒரு சொல் திருப்பித் தருகிறான், ஆனால் போகும்போது நெற்றியில் சிலுவை வாங்காமல் போவதில்லை, அந்த மட்டில் நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் அப்பா வாங்கிவிட்ட ஒடுக்கமான காணி உனக்குத் தெரியும், பைன் மரமும் ஊதாப்பூப் பற்றையும்தான், ஒரு கிழங்கும் விளையாது. அதன் ஒரு பக்கம் பீற்றரின் செம்மறிகள் மேய்கிற புல்வெளி, மறுபக்கம் அன்னாவின் காணி. பீற்றரும் அவருடைய வேட்டைச் சங்கத்து ஆட்களும் அப்பா இருந்த காலந்தொட்டு எங்கள் காணிக்குள் நின்று மான் சுடுகிறார்கள். ஒவ்வொரு நவெம்பரிலும் சுட்ட மான்களை எங்கள் முற்றத்தில் பச்சைக் கொப்புகளின்மேல் வரிசையாகக் கிடத்தி, தொப்பியைக் கழற்றி, கொம்பு ஊதி, செத்த உயிருக்கு மரியாதை செய்த பிறகுதான் கராஜுக்குள் வந்து என்னுடைய மான் கறியையும் சோற்றையும் சாப்பிடுவார்கள். கன்னியர் மடத்தில் படித்த எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கும். அப்பாவை அடக்கம் செய்தபோது சேமக்காலை வாசலில் நின்று யாரும் கேளாமலே அந்தக் கொம்பை ஊதினவர் பீற்றர். அதை நான் மறக்கமாட்டேன். அன்னாவோ தகப்பனுக்குப் பிறகு காணிக்கு வந்தவர். உழவை நிறுத்தினார், வாய்க்கால்களை மூடினார், இப்போது அங்கே தண்ணீர் தேங்கிக் கொக்கு வருகிறது. வேட்டைக்காரர் யாரையும் உள்ளே விடுவதில்லை. நான் ஐஸில் வழுக்கி விழுந்த அன்று அம்புலன்ஸ் வருமட்டும் பனியில் எனக்குப் பக்கத்தில் படுத்து என்னை அணைத்துக்கொண்டு கிடந்தவர் அவர்தான். அதையும் நான் மறக்கமாட்டேன்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் நடுவில்தான் ஓநாய் வந்தது. எங்களுக்கு ஓநாய் என்றால் வேதாகமத்தில்தான், யாழ்ப்பாணத்தில் நரியைத் தவிர எதைக் கண்டோம். நான் ஒரேயொரு முறை கண்டேன், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது. மெலிந்து, கால் நீண்டு, என்னைப் பாராமலே மரங்களுக்கு ஊடாக நடந்துபோயிற்று. பயப்பட நேரம் இருக்கவில்லை, கையில் படுக்கை விரிப்பு. பிறகு ஓகஸ்ட் கடைசியில் பீற்றரின் செம்மறிகள் கடிபட்டன. நான் போய்ப் பார்த்தேன். கழுத்தில் கடி, இரண்டு ஆடு இன்னும் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைத் தானே சுட்டுவிட்டு, துவக்கைப் புல்லில் வைத்துவிட்டு, அந்தப் பெரிய மனிதர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு இருந்தார். ஓநாயைப் பற்றி அழகாகக் கதைக்கிறவர்கள் அந்தக் காட்சியை ஒருதரம் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு பாதி, ஓநாய் வந்தால் மான் கலைந்துபோகும், நாயை அவிழ்த்துவிட முடியாது, சட்டம் பார்க்காமல் சுட வேண்டும் என்கிறது. மறுபாதி, நாங்கள் வேட்டைக்காரர், ஓநாயும் வேட்டைக்காரன், காட்டில் அதற்கும் பங்கு உண்டு என்கிறது. இந்த இரண்டாம் பாதிக்குத் தலைவன் யாரென்றால் பீற்றரின் சொந்த மகன் லூக்காஸ். தகப்பனும் மகனும் ஒரே வளவில் இருந்துகொண்டு கதைப்பதில்லை. இதற்குள் பீற்றர் என்னிடம் வந்து, உங்கள் காணிக்குக் குறுக்கால் மின்கம்பி வேலி போட விடுங்கள் என்று கேட்டார். அன்னா வந்து, வேலி போட்டால் மான் மாட்டுப்பட்டுச் சாகும், காணியை என்னுடைய காணியோடு சேர்த்து இயற்கைக்கு விடுங்கள் என்று கேட்டார். இருவருக்கும் கோப்பி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை பீற்றர் ஒரு வாளியோடு குசினிக் கதவடிக்கு வந்தார். என்னுடைய காணிக்கும் அன்னாவின் காணிக்கும் எல்லையில், பைன் மரத்தடியில், தோண்டிப்போட்டபடி கிடந்ததாம். வாளிக்குள் எலும்பு. பீற்றர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மரியாதை மட்டும் நான் சேர்த்தது: "பாருங்கோ விமலா, அவ ஓநாய்க்குத் தீன் போடுறா. போகவிடாமல் இங்கையே வைச்சிருக்கத் தீன் போடுறா. சனிக்கிழமை ஓநாய்க் கூட்டம் நடக்கேக்கை மண்டபத்திலை இதைக் கொண்டுபோய்க் கொட்டப் போறன், பிறகு அவ இந்த ஊரிலை எப்படி முழிக்கிறா எண்டு பாப்பம்."

நான் வாளிக்குள் குனிந்து பார்த்தேன் மகள். ஒவ்வொரு எலும்பும் கறித்துண்டு அளவுக்கு வெட்டியிருந்தது. கால் எலும்புகளின் நுனியைத் தட்டி உள்ளே இருந்த மஜ்ஜையை உறிஞ்சியிருந்தது. தாடை நடுவால் பிளந்திருந்தது. டென்மார்க்கில் எந்த இறைச்சிக்கடைக்காரன் அப்படி வெட்டுவான்? நான் ஊற்றின கோப்பி கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. வழிந்ததைப் பீற்றர் கண்டார், ஓநாய்க்குப் பயமென்று நினைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி வையுங்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பங்கு இறைச்சி எப்படி நடக்கிறதென்று உனக்குத் தெரியும்தானே. உயிர்ப்பு ஞாயிறுக்கும் மடு மாதா திருவிழாவுக்கும் இக்காஸ்டிலும் ஸ்கீவவிலும் இருக்கிற எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பீற்றரிடம்தான் செம்மறி எடுப்பார்கள். அப்பாவோடு துணி ஆலையில் வேலைசெய்த சூசைதாசன் எங்கள் கராஜில் மரக்குற்றி போட்டு வெட்டிப் பங்கு பிரிப்பான், ஒரு பங்கு அங்கேயே சமைத்து எல்லோரும் சாப்பிடுவோம். மிச்சம் மீதியைப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடு என்று ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சொல்லியே அனுப்புவேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்பான். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, அந்தத் தொட்டி ரெண்டு கிழமைக்கு ஒருக்கால்தானே எடுக்கிறாங்கள், புழுத்து மணந்தால் உங்களுக்குத்தானே கரைச்சல். ஊரிலை காகத்துக்கும் நாய்க்கும் போடேல்லையே, அதுபோலை நரி தின்னட்டும் எண்டு மரத்தடியிலை கிடங்கு வெட்டித் தாட்டனான். எத்தினை வருசமா இப்பிடித்தான் செய்யிறன், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றான். நரிக்கு ஆழமாகத்தான் தெரிந்திருக்கும் அந்தக் குழி, ஓநாய்க்கு அது மூடி திறந்த சட்டி.

நான் மண்டபத்தில் சொல்லப்போகிறேன் என்றதும் அவன் கெஞ்சினான். வெளிநாட்டுக்காரர்தான் ஓநாயைக் கூட்டிவந்தது என்று ஊர் முழுக்கக் கதைக்கும், பீற்றர் இனி ஆடு தரமாட்டார், பங்கு நின்றுபோகும், பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடத்திலும் கேட்பார்கள் என்றான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. உன் அண்ணாவும், "அம்மா, உங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை, நீங்கள் ஏன் வாய் திறக்கிறியள்" என்றான். அவன் என்மேல் உள்ள அன்பில் சொன்னான். ஆனால் யாரும் கேளாதபடியால் சும்மா இருக்கலாம் என்று நான் அவனுக்கு எப்போது படிப்பித்தேன்? அன்னா குற்றவாளியாய்ப் போக, நாங்கள் நல்ல பெயரோடு கறி சாப்பிடுவதா?

அந்தச் சனிக்கிழமை சூசைதாசன்தான் என்னைக் காரில் கூட்டிப்போனான். உள்ளே வரமாட்டேன், காரில் இருக்கிறேன் என்றான். மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர், அன்னா, ஓநாய்க்குக் கட்டிலும் போட்டுக் கொடுத்தனீங்களோ என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். லூக்காஸ் எழும்பி, உங்கட குறட்டைச் சத்தம் அங்கை மட்டும் கேக்குது, அது எப்பிடிப் படுக்கும் என்று திருப்பிக் கொடுத்தான். அதற்கும் சிரிப்பு. பீற்றர் வந்து வாளியை மேசையில் கவிழ்த்ததோடு சிரிப்பு நின்றது. அன்னாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. நான் இறைச்சி தொட்டே எத்தனையோ வருஷம், என் வீட்டில் ஒரு எலும்பு கிடையாது என்று சொன்னார். யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

நான் பொல்லை ஊன்றி எழும்பினேன். என் டெனிஷ் உனக்குத் தெரியும், நீ சின்னனிலிருந்து பகிடி பண்ணுகிற டெனிஷ். ஆனால் மடத்தில் எங்களுக்குப் பழக்கியது எந்த மொழிக்கும் பொருந்தும்: நிமிர்ந்து நில், உரக்கச் சொல், முடிந்ததும் இரு. பீற்றர், இது உங்கள் செம்மறி, நாங்கள் உங்களிடம் வாங்கியது, மாதா திருவிழாவுக்கு என் கராஜில் வெட்டியது, இப்படிச் சின்னதாக எலும்போடு வெட்டுவது நாங்கள் மட்டும்தான், மிச்சத்தை என் காணியில் தாட்டதும் எங்கள் ஆள்தான், அன்னாவுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை, இதைக் கவனியாமல் விட்டது என் பிழை என்று சொன்னேன். இருக்கப்போனேன். அப்போது கதவடியில் இருந்து ஒரு சத்தம், "அவ இல்லை, நான்." சூசைதாசன். காருக்குள் இருக்க முடியாமல் வந்து நின்றிருக்கிறான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னுடைய ஆலை டெனிஷில், நான் வெட்டினேன், நான் தாட்டேன், இந்த அம்மா வேண்டாம் என்று சொன்னவ என்றான். அந்த மனிதனை நான் அத்தனை வருஷமாக ஏசியே பழகியிருக்கிறேன், அன்றைக்கு அவனுக்குப் பக்கத்தில் நிற்கப் பெருமையாக இருந்தது.

பாராட்டு வந்ததென்று நினையாதே. பீற்றர் எலும்புகளைத் திரும்ப வாளிக்குள் அள்ளி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்னா அடுத்த நாள் வந்தார், நன்றி சொல்ல அல்ல. மனிதர் வீட்டடியில் தீன் தின்று பழகின ஓநாயை ஆபத்தானதென்று சொல்லிச் சுட அனுமதி கொடுப்பார்கள், நீங்கள் தெரியாமல் அதைக் கொன்றுவிட்டீர்கள் என்று என் மேசையில் இருந்து அழுதார். அது என்ன ஆகுமென்று இன்னும் தெரியவில்லை. சூசைதாசனும் லூக்காஸும் சேர்ந்து மரத்தடி முழுக்கக் கிளறி, கிடந்ததெல்லாம் அள்ளிச் சுத்தமாக்கிவிட்டார்கள். இனி ஓநாய் இந்தப் பக்கம் வராமல் போனால் அதற்கு நல்லது என்று அன்னா சொல்கிறார். நானும் அதற்காக மன்றாடுகிறேன், ஒரு ஓநாய்க்காகச் செபமாலை சொல்வேனென்று நான் நினைத்ததில்லை.

இன்று பூசை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, பீற்றர் வாசலில் நின்றார். கையில் மூடி போட்ட பெரிய நீலத் தகரத் தொட்டி. இனிப் பங்கு போட்டால் எல்லாம் இதற்குள் போட வேண்டும், நானே வந்து ஏற்றிக்கொண்டு போவேன் என்றார். ஆடு தருவீர்களோ என்று நான் கேட்கவில்லை, தகரம் பதில் சொல்லிவிட்டது. பிறகு வேலியைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன், என் காணியில் இப்போதைக்குக் கம்பியும் இல்லை, காடும் இல்லை. நவெம்பரில் என் முற்றத்தில் மான் கிடத்துவதென்றால் கராஜில் போடுகிற மேசையில் நீங்களும் அன்னாவும் லூக்காஸும் இருக்க வேண்டும். மண்டபத்தில் சொன்னதற்கு அன்னாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து சொல்லுங்கள், காணியை என்ன செய்வதென்று, நான் கையெழுத்து வைப்பேன். ஒருவர் குறைந்தாலும் அடுப்பு மூட்டமாட்டேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். சரி, போகப்போகிறார் என்று நினைத்தேன். படியில் இறங்கி, திரும்பி, "அவ இறைச்சி தின்னமாட்டாவே, அவவுக்கு என்ன சமைப்பியள்?" என்று கேட்டார்.

கத்தரிக்காய்ப் பால்கறி என்றேன். எனக்கு அதுவே போதும்.

அன்னாவை நான் இன்னும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்பேன். நீயும் நவெம்பருக்கு லீவு எடுத்துக்கொண்டு வா, மேசையில் சண்டை வந்தால் டெனிஷில் வேகமாகக் கதைக்க எனக்கு ஆள் வேண்டும். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதாவின் அடைக்கலமும் அப்பாவின் ஆசீரும் உன்னோடு இருப்பதாக. நல்ல உடம்பும் நேர்மையான வாயும் உனக்குக் கிடைக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பார். ஒன்றை மறவாதே: ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் கோழி வாங்கிச் சாப்பிட்டால் எலும்பைக் கார் யன்னலால் எறியாதே. இந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் எங்கள் எலும்பைத் தெரியும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
நிக்கலஸ் விமலராணி