திருமதி லின் சொன்ன பஞ்சம்

நவம்பர் 9, ஞாயிறு. இன்றைய குறிப்பின் மிச்சம்.

படுத்தும் நித்திரை வரவில்லை. எழும்பி எழுதுகிறேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுத் திருமதி லின் தேநீர் குடிக்க வந்திருந்தார். சீனத்தில் பிறந்தவர். என் கணவர் வழக்கம்போல, தான் யாழ்ப்பாணத்தில் இடதுசாரிக் கட்சியில் இருந்த கதையைத் தொடங்கி, சீனத் தலைவரின் புரட்சியைப் புகழ்ந்தார். லின் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இரும்பு உருக்குங்கள் என்றார் அந்தத் தலைவர்" என்றார். ஊரே சட்டிகளையும் மண்வெட்டிகளையும் உலையில் போட்டதாம். கிடைத்தது ஒன்றுக்கும் உதவாத கட்டி. எல்லோரும் உலையடியில் நின்றதால் நெல் வயலிலேயே அழுகியது. அதிகாரிகளோ அமோக விளைச்சல் என்று மேலிடத்துக்குப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யை நம்பி அரசாங்கம் இருந்த தானியத்தையும் அள்ளிக்கொண்டு போனது. தானியம் ஒளித்தவன் என்று லின்னின் தகப்பனை அயலவர்களே அடித்தார்கள். தங்கை பசியில் செத்துப்போனாள்.

"பிழைகள் நடந்ததுதான். ஆனால் நோக்கம்…" என்று இவர் இழுத்தார்.

"என் தங்கைக்கு அப்போது பேச்சுக்கூடத் திருந்தவில்லை" என்று சொல்லிவிட்டு லின் எழுந்து போனார்.

கோப்பை கழுவும்போது கேட்டேன்: "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதோ?"

"தெரியும். அப்பவே தெரியும். வெளியிலை கதைக்கிறேல்லை எண்டு கட்சியிலை முடிவெடுத்தனாங்கள்."

கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் இன்றுதான் இதைச் சொல்கிறார். வேறு எதையெல்லாம் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தார்களோ? கேட்காமல் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன்.

நாளைக்கு லின்னிடம் போகவேண்டும். போய் என்ன சொல்வது?

இவரும் நித்திரை கொள்ளவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறார்.